கால்வாயில் விழும் பை கடலுக்குப் போகும் வழி: ஒருமுறை நெகிழியும் புதிய குப்பைச் சட்டமும்

மலேசியாவில் பொது இடத்தில் குப்பை போடுவோருக்கு அபராதத்தோடு சமூக சேவையும் விதிக்க வழி செய்யும் சட்டத்திருத்தங்கள் 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துள்ளன. அபராதம் 2,000 ரிங்கிட் வரை போகலாம். சமூக சேவை மொத்தம் 12 மணி நேரத்துக்கு மேற்படாது. அதை ஆறு மாதத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். அந்த உத்தரவை மீறினால் 2,000 முதல் 10,000 ரிங்கிட் வரை தனி அபராதம் உண்டு.

செய்தி வந்ததிலிருந்து பினாங்கில் இரண்டு ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. ஒரு சிகரெட் துண்டுக்கும் ஒரு ஸ்ட்ராவுக்கும் இவ்வளவு பெரிய தண்டனையா என்பது ஒன்று. குப்பையைத் தொட்டியில் ஒழுங்காகப் போடுகிறவருக்கும் இந்த நெகிழிப் பிரச்சினைக்கும் என்ன சம்பந்தம் என்பது மற்றொன்று. முதல் கேள்வி கெடுதலின் அளவைக் குறைத்து மதிப்பிடுகிறது. இரண்டாவது கேள்வி, தெருவில் விழும் குப்பை மட்டுமே குப்பை என்று எண்ணுகிறது. இரண்டுக்கும் விடை காண, பொருள் நம் கையை விட்டுப் போன பிறகு அது எந்த வழியாக எங்கே சேர்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

எந்தச் சட்டம், எந்த ஊரில்

மலேசியாவில் குப்பை மேலாண்மை ஒரே சட்டத்தின் கீழ் இல்லை. 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம், அதாவது 672-ஆவது சட்டம், 2011 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகியவை அதன் கீழ் வருகின்றன. பினாங்கும் சிலாங்கூரும் அதை ஏற்கவில்லை. பினாங்கில் குப்பை அள்ளுவதிலிருந்து தெருக் கூட்டுவது வரை ஊராட்சி மன்றங்களின் பொறுப்பு: தீவில் பினாங்கு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம்.

இதனால்தான் சமூக சேவைத் திருத்தம் 672-ஆவது சட்டத்தோடு நிற்காமல், 1974-ஆம் ஆண்டின் சாலை, கால்வாய், கட்டடச் சட்டத்திலும் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்திலும் சேர்க்கப்பட்டது. ‘பினாங்கு 672-ஐ ஏற்கவில்லை, ஆகவே இது நமக்குச் செல்லாது’ என்ற பேச்சுக்கு அடிப்படை கிடையாது.

இந்தத் திருத்தம் தண்டிப்பது குப்பையைப் பொது இடத்தில் போடும் செயலை. கையில் இருக்கும் பொருள் என்ன, அது எதற்காகக் கொடுக்கப்பட்டது, அதைத் தயாரித்தவர் யார் என்பவை அதன் எல்லைக்குள் வருவதில்லை. நெகிழியின் கெடுதலோ பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளில்தான் அடங்கியிருக்கிறது.

ஒருமுறை நெகிழி என்பது எது

ஒரே தடவை பயன்படுத்திவிட்டு எறிவதற்கென்றே செய்யப்படும் நெகிழிப் பொருள்களை ‘ஒருமுறை நெகிழி’ என்று இக்கட்டுரையில் சுருக்கமாகக் குறிப்பிடுகிறோம். கடைப் பை, ஸ்ட்ரா, உணவுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், மூன்றே மடக்கில் குடித்து முடிக்கும் சிறிய கிண்ணத் தண்ணீர், மிளகாய்ச் சாறு ஊற்றிக் கட்டிய சிறு பை, காப்பித்தூள் பொட்டலம் எல்லாம் இதில் அடங்கும். சிகரெட்டின் வடிகட்டித் துண்டும் இதில் சேரும். பஞ்சு போலத் தோன்றினாலும் அது செல்லுலோஸ் அசிடேட் என்ற நெகிழியால் ஆனது.

மமாக் கடையில் தாபாவ், அதாவது கட்டி எடுத்துப்போக, வாங்கும் ஒரு தே தாரிக் தேநீரை எடுத்துக்கொள்வோம். சூடு தாங்குவதற்காகப் பை பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற நெகிழியால் செய்யப்பட்டிருக்கும். வாயை இறுக்கிக் காதுபோல் மடித்துக் கட்டும் சிவப்புக் கயிறும் அதே இனம். ஸ்ட்ராவும் அதே இனம். அந்த மூன்றையும் சேர்த்து இன்னொரு கைப்பையில் போட்டுக் கொடுப்பார்கள், அது பாலிஎத்திலீன். தேநீர் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எஞ்சுவது நான்கு துண்டுகள்: மிக இலேசானவை, சீனியும் பாலும் ஒட்டியவை, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடப்பவை. இந்த மூன்று குணங்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போகும் சிக்கல்களில் பெரும்பாலானவை இவற்றிலிருந்து பிறப்பவை.

உலக அளவில் 1950-இல் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டன்னாக இருந்த நெகிழி உற்பத்தி 2015-இல் 38 கோடி டன் ஆனது. 2017-இல் வெளிவந்த ஆய்வொன்று அதுவரை உண்டான நெகிழிக் கழிவு முழுவதையும் கணக்கிட்டுப் பார்த்தது. அதில் ஏறத்தாழ 9 விழுக்காடே மறுசுழற்சிக்குப் போயிருந்தது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. 79 விழுக்காடு குப்பை மேடுகளிலோ வெளியிலோ கிடந்தது. மலேசியாவைப் பொறுத்தவரை, உலக வனவிலங்கு நிதியம் 2020-இல் ஆறு ஆசிய நாடுகளை ஒப்பிட்டபோது, ஓர் ஆள் ஓராண்டில் பயன்படுத்தும் நெகிழிப் பொதிகளில் நம் நாடே முதலிடத்தில் இருந்தது: 16.78 கிலோகிராம். மக்கள்தொகையில் நம்மைவிடப் பன்மடங்கு பெரிய சீனாவும் இந்தோனேசியாவும் அந்தப் பட்டியலில் இருந்தன.

கால்வாயில் விழுந்தால்

இங்கேதான் பலருக்கும் ஓர் அடிப்படைத் தவறான எண்ணம் இருக்கிறது. வீட்டுக் கழிவறையிலிருந்து போகும் நீர் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. லோங்காங் எனப்படும் தெருவோரக் கால்வாயில் ஓடும் நீர் அப்படிப் போவதில்லை. அது மழைநீர் வடிவதற்காகக் கட்டப்பட்டது. சாலையிலிருந்து சிறு கால்வாய், சிறு கால்வாயிலிருந்து பெரிய கால்வாய், அங்கிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கடல் என்று நேராகச் செல்கிறது. இடையில் சில இடங்களில் இரும்புக் கம்பித் தடுப்புகளும் மிதவைத் தடைகளும் உண்டு; சுத்திகரிப்பு கிடையாது. ஆகவே லோங்காங்கில் போட்ட பொருள் கடலில் போட்ட பொருளே. இடையில் இருப்பது ஒரு மழை மட்டும்.

பினாங்கின் தலைநகர் ஜோர்ஜ்டவுனில் இந்த வழி எவ்வளவு குறுகியது என்பதை வரைபடத்தில் விரல் வைத்தே பார்க்கலாம். தாவரவியல் பூங்காப் பக்கத்து மலையிலிருந்து இறங்கும் ஆயர் தெர்ஜுன் ஆறு, ஜாலான் கெபுன் பூங்கா வட்டாரத்தைத் தொட்டுக்கொண்டு வந்து, ஆயர் ஈத்தாம் ஆற்றோடு கலந்து பினாங்கு ஆறாகிறது. அந்த ஆறு நகரத்தின் நடுவே ஓடி, ஜெலுத்தோங் பக்கத்தில் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடலில் விழுகிறது. தைப்பூசத்தன்று முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலை அடிவாரத்தில் கீழே விழும் ஒரு கிண்ணம் அடுத்த பெருமழையில் இந்தப் பாதையைப் பிடித்துக்கொள்ளும். கோலாலம்பூரிலும் இதே கதைதான், வழி மட்டும் நீளம்: மஸ்ஜிட் ஜாமெக் அருகே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகின்றன; நகரின் மிதக்கும் குப்பையைச் சுமந்துகொண்டு அந்நீர் சிலாங்கூர் வழியே கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் கடலைச் சேர்கிறது.

2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உலகில் ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் நெகிழியில் 80 விழுக்காட்டை ஆயிரத்துக்கும் சற்று அதிகமான ஆறுகள் சுமக்கின்றன என்று மதிப்பிட்டது. அதற்கு முந்திய ஆய்வுகள் சில பெரிய ஆறுகளின் மீதே பழியைப் போட்டிருந்தன. புதிய கணக்கில் நகரங்களுக்குள் ஓடும் சிறிய ஆறுகள் முன்னுக்கு வந்தன. அதில் நாடுகளின் வரிசையில் பிலிப்பீன்ஸ், இந்தியாவுக்கு அடுத்து மலேசியா மூன்றாம் இடத்தில் இருந்தது: ஆண்டுக்குச் சுமார் 73,000 டன். கிள்ளான் ஆறு உலகப் பட்டியலின் முதல் சில இடங்களுக்குள் வந்தது. இது கணினி மாதிரியை வைத்துப் போட்ட மதிப்பீடு. ஒவ்வோர் ஆற்றிலும் அளந்து எடுத்த எண் இல்லை. ஆனால் அது சுட்டும் காரணங்கள் கண்ணால் காணக் கூடியவை: அதிக மழை, கடலுக்கு அருகில் நகரம், கல்பாவிய தரை, ஆற்றை நோக்கிச் சாயும் கால்வாய்கள். ஜோர்ஜ்டவுனில் இவை நான்குமே உண்டு.

ஆற்றில் இறங்கிய பிறகு எது எங்கே போகும் என்பதைப் பொருளின் அடர்த்தி முடிவு செய்கிறது.

1. பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் இரண்டும் நீரைவிட இலேசானவை. பையும் ஸ்ட்ராவும் மிதந்து தொலைவு போகும்.

2. தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெட் (PET) என்ற நெகிழி நீரைவிடக் கனமானது. மூடி இறுக்கிய காலிப் போத்தல் காற்றடைத்து மிதக்கும். மூடி திறந்தது தண்ணீர் புகுந்து ஆற்றடியில் படியும். ஆற்றின் மேற்பரப்பைத் துப்புரவு செய்தால் ஆறு சுத்தமாகிவிட்டது என்று நம்ப முடியாததற்கு இதுவே காரணம்.

3. வெள்ளை நுரைப் பெட்டியான பாலிஸ்டைரின் மிக எளிதில் நொறுங்கும். மணி மணியாக உதிர்ந்து அலையாத்திக் காடுகளின் வேர்களுக்கிடையே தங்கிவிட்டால் அதைப் பொறுக்கி எடுக்க எந்தத் துப்புரவுப் பணியாளராலும் முடியாது.

கிள்ளான் ஆற்றில் 2019-இல் பன்னாட்டு அமைப்பு ஒன்றின் மிதவை இயந்திரம் வைக்கப்பட்டது. குப்பையை ஒரு பக்கமாகத் திருப்பி, சங்கிலிப் பட்டையில் ஏற்றிப் பெட்டிகளில் சேர்க்கும் கருவி அது. பயனுள்ள வேலைதான். ஆனாலும் அது ஆற்றின் மேல்நீரில் வருவதை மட்டும் பிடிக்கிறது. அப்படிப் பிடித்ததும் இறுதியில் ஒரு குப்பை மேட்டுக்கே போகிறது.

கடலில் என்ன செய்கிறது

நெகிழி கடலில் கரைவதில்லை, சிறிதாகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. அலை அடித்து உடைக்கிறது. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த துகள்களை நுண்நெகிழி என்கிறார்கள். ஒரு பை ஒரு பையாக இருக்கும்வரை அதைக் கையால் எடுத்துவிடலாம். துகள்களான பின் எடுக்க வழியில்லை. கடற்கரைத் துப்புரவை விரைந்து செய்ய வேண்டும் என்று சொல்வதன் அறிவியல் அடிப்படை இதுதான்.

பினாங்கு தேசியப் பூங்காவின் பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் பச்சை ஆமைகள் முட்டையிட வருகின்றன. அங்கே ஆமைப் பாதுகாப்பு மையமும் இருக்கிறது. கடலாமையின் உணவுக்குழாயில் பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் வரிசையாக இருக்கும். வழுக்கும் இரை வெளியே நழுவாமலிருக்க இயற்கை கொடுத்த அமைப்பு அது. அதன் விளைவாக, விழுங்கிய பையை ஆமையால் துப்ப முடியாது. பை சொரிமீன் போலத் தோன்றுவதால் ஆமை ஏமாறுகிறது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது. அண்மை ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: கடலில் ஊறி நுண்ணுயிர்கள் படிந்த நெகிழி உணவைப் போன்ற வாசனையை வெளியிடுகிறது, ஆமைகள் அந்த வாசனைக்கும் வருகின்றன. அதாவது பையின் வடிவத்தையோ நிறத்தையோ மாற்றுவதால் இந்த ஆபத்து தீராது.

மனித உடலைப் பற்றிச் சொல்லும்போது கவனம் தேவை. 2022-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்து, 17 பேரிடம் நெகிழித் துகள்களைக் கண்டார்கள். 2024-இல் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்துத் தமனி அடைப்புக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 257 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அடைப்பில் நெகிழித் துகள் இருந்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நாலரை மடங்கு அதிகமாக இருந்தது. இது ஒரு தொடர்பு. நெகிழியே காரணம் என்று அது நிறுவிவிடவில்லை. நோய்ப் பயம் காட்டி எழுதப்படும் பல செய்திகள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகின்றன. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத செய்தி ஒன்று உண்டு. சூடு கூடக்கூட நெகிழியிலிருந்து துகள்களும் வேதிப்பொருள்களும் உணவில் இறங்குவது கூடுகிறது. கொதிக்கக் கொதிக்கத் தேநீரையும் சாம்பாரையும் பையில் ஊற்றிக் கட்டும் பழக்கத்தை மாற்ற இந்த ஒரு காரணமே போதும்.

வீட்டு வாசலில் என்ன செய்கிறது

கடலைப் பற்றிய பேச்சு சிலருக்குத் தொலைவாகப் படலாம். வாசலில் நடப்பவை இரண்டு.

முதலாவது வெள்ளம். மாலை நேர இடிமழையில் ஒரு மணி நேரத்துக்குள் பெய்துவிடும் நீரை விரைவாக வெளியேற்றும்படி கால்வாய்கள் கட்டப்பட்டுள்ளன. பைகள் கம்பித் தடுப்பில் ஒட்டிக்கொண்டால், இலையும் மண்ணும் அதன்மேல் படிந்து சுவராகிவிடும். நீர் சாலைக்கு ஏறுகிறது. பினாங்கு ஆற்றின் கீழ்ப்பகுதியில் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் வடிய இடமே இருக்காது. இதில் மிகைப்படுத்தலும் கூடாது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குக் காரணம் அசாதாரணமான மழை. அதைக் குப்பையின் தலையில் கட்டுவது நியாயமாகாது. சாதாரண மழைக்கும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெருக்களில்தான் அடைபட்ட கால்வாயின் பங்கு பெரிது.

இரண்டாவது டெங்கி. ஏடிஸ் கொசுவுக்குக் குளம் தேவையில்லை. கவிழாமல் கிடக்கும் கிண்ணத்தில், மடிப்பு விழுந்த பையில், போத்தல் மூடியில் தேங்கும் சிறிதளவு தெளிந்த நீரே போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது. சுகாதார அமைச்சின் கணக்குப்படி 2023-இல் நாட்டில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட டெங்கிச் சம்பவங்கள் பதிவாயின; 100 பேர் உயிரிழந்தனர். காலி மனையில் எறியப்பட்ட கிண்ணங்களைப் பொறுக்கும் வேலையை அழகுக்காகச் செய்யும் வேலை என்று நினைக்கக் கூடாது.

தொட்டியில் போட்டால்

இப்போது இரண்டாவது ஐயத்துக்கு வருவோம். தொட்டியில் போடுவது கால்வாயில் போடுவதைவிட மிகவும் மேலானது. அதில் விவாதமே இல்லை. ஆனால் தொட்டி ஓர் இடைத்தங்கல் மட்டுமே.

பினாங்கின் வீட்டுக் குப்பை நிபோங் திபாலை அடுத்த புலாவ் புரோங் குப்பைத் தளத்தில் போய்ச் சேர்கிறது. கோலாலம்பூரின் குப்பை தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்தில் அழுத்தப்பட்டு, உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகாருக்குப் போகிறது. இத்தகைய தளங்களில் உணவுக் கழிவும் நெகிழியும் கலந்தே புதைகின்றன. உணவு அழுகி மீத்தேன் வாயு உண்டாகிறது. மழைநீர் குப்பைக்குள் இறங்கிக் கறுத்த கசிவுநீராக வெளியேறுகிறது. நெகிழியில் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள்களும் அதன் துகள்களும் அந்தக் கசிவுநீரில் கலக்கின்றன. அடித்தளமும் சுத்திகரிப்பும் சரியாக இருந்தால் கசிவைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்தக் காவலைத் தளம் மூடப்பட்ட பிறகும் பல்லாண்டுகள் தொடர வேண்டும்.

தீ இன்னும் பெரிய ஆபத்து. 2022 ஜனவரியில் புலாவ் புரோங் தளத்தில் பற்றிய தீ வாரக்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டு ஜெலுத்தோங் குப்பைத் தளத்திலும் தீப்பிடித்தது. குப்பை மேட்டுத் தீயை மேலே தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. உள்ளே மீத்தேன் எரிபொருளாகிறது, நெகிழி நீண்ட நேரம் எரிந்துகொண்டிருக்கிறது. மண் அள்ளிப் போட்டு, கிளறி, மீண்டும் நீரடித்துப் பல நாள் போராட வேண்டும். அந்தப் புகையில் நுண்துகள்கள் இருக்கும். குளோரின் கலந்த நெகிழி குறைந்த வெப்பத்தில் எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சும் உண்டாகும். தொட்டியில் ஒழுங்காகப் போட்டவர், போடாதவர் என்று அந்தப் புகை பிரித்துப் பார்ப்பதில்லை. முதலில் மூச்சுத் திணறுகிறவர்கள் அத்தளங்களின் ஓரம் வசிக்கும் மக்கள். அவர்களில் எவரும் அந்தக் குப்பையைத் தம் ஊருக்குக் கேட்டு வாங்கியவர்கள் இல்லை.

மறுசுழற்சி இல்லையா என்று கேட்கலாம். பினாங்கு 2017 ஜூன் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் கொள்கையை அமலாக்கி வருகிறது. மறுசுழற்சியில் நாட்டின் சராசரியை முந்தி நிற்கிறது. தேசிய விகிதம் 2023-இல் 35.38 விழுக்காடு. இந்த எண்ணில் காகிதம், உலோகம் முதலியவையும் அடங்கும். நெகிழிப் பையும் இதே வேகத்தில் மறுசுழற்சியாகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் முன்பு பார்த்த தேநீர்ப் பையை ஏன் எவரும் வாங்குவதில்லை?

1. எடை இல்லை. பழைய பொருள் வாங்குவோர் எடைக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கான பைகள் தேவை.

2. அழுக்கு. பாலும் எண்ணெயும் ஒட்டிய பையைக் கழுவ ஆகும் செலவு, அதிலிருந்து கிடைக்கும் நெகிழியின் விலையை மிஞ்சிவிடும்.

3. கலப்பு. கிண்ணத் தண்ணீரின் மேல்மூடித் தாளும் காப்பித்தூள் பொட்டலமும் வெவ்வேறு நெகிழிகளை, சில வேளை அலுமினியத்தையும், அடுக்கி ஒட்டியவை. பிரிக்கும் தொழில்நுட்பம் உண்டென்றாலும் கட்டுப்படியாகாது.

ஆகவே பொறுப்பாகப் பிரித்து வைத்த பையும் பெரும்பாலும் புலாவ் புரோங்குக்கே போகிறது. இதைச் சொல்வது பிரித்து வைப்போரின் மனத்தைத் தளர்த்த அல்ல. போத்தலும் தகரமும் அட்டையும் உண்மையாகவே விலைபோகின்றன. அவற்றைப் பிரிப்பதால் பயன் உண்டு. பைக்கும் ஸ்ட்ராவுக்கும் அந்த வழி அடைபட்டிருக்கிறது; அவற்றை வாங்காமலிருப்பது ஒன்றே அவற்றுக்கான வழி.

மக்கும் பைகள் இந்தச் சிக்கலைத் தீர்க்குமா

கோலாலம்பூரில் 2017 செப்டம்பர் முதல் பாலிஸ்டைரின் பெட்டிகளுக்குப் பதிலாக மக்கும் பெட்டிகள் வந்தன. பச்சை இலைப் படம் போட்ட பைகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. அவற்றுக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒளிந்துள்ளன. முதலாவது, சாதாரண நெகிழியில் உப்புகள் சேர்த்து விரைவில் உடையும்படி செய்தது. அது மக்குவதில்லை, விரைவாக நுண்நெகிழியாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் இவ்வகையைத் தடை செய்தது. இரண்டாவது, சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பிஎல்ஏ (PLA) என்ற நெகிழி. அது மக்க ஏறத்தாழ 60 பாகை வெப்பமுள்ள தொழிற்கூட உரக்கிடங்கு வேண்டும். கால்வாயிலும் கடலிலும் அது நெகிழி போலவே கிடக்கும். மூன்றாவது, கரும்புச் சக்கை, பாக்குமட்டை, வாழையிலை. இவை நிலத்தில் உண்மையாகவே மக்குகின்றன. காகிதக் கிண்ணத்தின் உட்புறமும் பெரும்பாலும் பாலிஎத்திலீன் பூசியதே என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

துணிப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்தி விளைவிக்க நீரும் நிலமும் ஏராளமாகத் தேவை. ஒவ்வொரு விழாவிலும் ஒரு புதிய துணிப்பையை அன்பளிப்பாகக் கொடுத்து அலமாரியில் அடுக்குவதால் நன்மை கிடையாது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பையை, அது நெகிழிப் பையானாலும், கிழியும்வரை திரும்பத் திரும்ப எடுத்துப் போவதே சுற்றுச்சூழலுக்குக் குறைந்த சுமை.

பைக்குக் காசு: பினாங்கு காட்டிய வழி

கடைப் பையை இலவசமாகத் தருவதை நிறுத்தும் இயக்கத்தைப் பினாங்கு 2009-இல் வாரத்தில் ஒரு நாளாகத் தொடங்கியது. 2010-இல் அது மூன்று நாளானது. 2011 ஜனவரி 1 முதல் எல்லா நாளும் பைக்கு 20 சென். பிற்பாடு சில நாள்களில் பையே இல்லை என்றும், மற்ற நாள்களில் பைக்கு ஒரு ரிங்கிட் என்றும் விதி இறுகியது. தொடங்கிய காலத்தில் இது ஏழைகளின் மேல் சுமத்தும் வரி என்று குறை சொன்னவர்கள் உண்டு. இன்று பேரங்காடிக்குப் பையோடு போவது பினாங்கில் சாதாரணப் பழக்கம்.

இந்த முறை ஏன் வேலை செய்தது? ஒரு பையின் அடக்க விலை சில சென்தான். அது சாமான் விலைக்குள் மறைந்திருக்கும்வரை வாங்குகிறவர் கண்ணுக்குப் படாது. தனியாகக் கேட்டதும் ஒவ்வொருவரும் ஒரு கணம் முடிவெடுக்க வேண்டியதாகிறது. குப்பையாகும் முன்பே, பொருள் கைமாறும் இடத்திலேயே இந்த விதி செயல்படுகிறது. அதன் எல்லையும் இதே காரணத்தால் தெளிவாகத் தெரிகிறது. பேரங்காடிகளிலும் சங்கிலிக் கடைகளிலும் நன்றாக நிலைபெற்ற இவ்விதி, பசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தையிலும் பகல் சந்தையிலும் சாப்பாட்டுக் கடையிலும் அந்த அளவு வேரூன்றவில்லை. மீன்காரரும் கறிக்கடைக்காரரும் ஈரப்பொருளுக்குப் பை கொடுத்தே ஆக வேண்டும் என்பது உண்மை. தேநீருக்கும் ரொட்டி சானாயின் பருப்புக் குழம்புக்கும் அப்படியொரு கட்டாயம் இல்லை. தூக்குச்சட்டியை நீட்டினால் அதில் ஊற்றிக் கொடுக்க பெரும்பாலான கடைக்காரர்கள் மறுப்பதில்லை.

தைப்பூசப் பந்தல்கள்

தமிழர்கள் தாமே முடிவெடுத்து மாற்றக் கூடிய இடம் ஒன்று உண்டு. அதைத் தனியாகப் பார்ப்பது தேவை. தைப்பூசத்தில் இரதங்கள் லிட்டில் இந்தியாவிலிருந்து புறப்பட்டு ஜாலான் கெபுன் பூங்கா வரை போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். நடந்து களைத்தவருக்கு மோரும் பானகமும் சோறும் கொடுப்பது நம்முடைய மிகச் சிறந்த மரபுகளில் ஒன்று. இன, மத வேறுபாடு பாராமல் யாருக்கும் கொடுக்கிறோம். அந்தக் கொடையை அண்மைக் காலத்தில் கிண்ணத் தண்ணீர்ப் பெட்டிகள் பிடித்துக்கொண்டன. கிண்ணம் ஒரு நெகிழி, மேலே ஒட்டிய தாள் இன்னொன்று, குத்திக் குடிக்கும் ஸ்ட்ரா வேறொன்று, அந்த ஸ்ட்ராவைச் சுற்றிய உறை நான்காவது. நான்கு மிடறு தண்ணீருக்கு நான்கு துண்டுக் குப்பை. கூட்டத்தில் தொட்டியைத் தேடிப் போக எவராலும் முடியாது, காலடியில் விழும். மறுநாள் விடியுமுன் கூட்டுகிறவர்கள் பெரும்பகுதியை அள்ளிவிடுவார்கள். கால்வாய் மூடியின் இடுக்கில் நழுவியதை அள்ள முடியாது.

மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குழாய் வைத்த பெரிய அண்டா, எவர்சில்வர் குவளைகள், கழுவுவதற்கு மூன்று தொட்டிகள், இரண்டு ஆள்: இது நம் பாட்டன் காலத்துப் பந்தல். கழுவும் நீருக்கு இணைப்பும் குவளை வைக்க இடமும் ஏற்பாடு செய்ய வேண்டும். வேலையாள் கூடுதல் என்பது உண்மையான தடை. உணவுக்கு வாழையிலைத் துண்டு அல்லது பாக்குமட்டைத் தட்டு போதும். பக்கத்துப் பந்தல்கள் சில ஒன்று சேர்ந்து ஒரே கழுவுமிடம் அமைத்தால் செலவு பகிர்ந்துவிடும். புண்ணியம் தேடிக் கொடுக்கும் தண்ணீர் முருகன் மலையிலிருந்து இறங்கும் ஆற்றையே கெடுப்பதை நாம் ஏற்கக் கூடாது.

தயாரிப்பாளரின் பொறுப்பு எங்கே

வெளிநாட்டுக் குப்பைதான் காரணம் என்ற வாதமும் அடிக்கடி கேட்கிறது. 2018-இல் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும் பணக்கார நாடுகளின் கழிவு மலேசியாவுக்குத் திரும்பியது உண்மை. 2020 ஜனவரியில், அதுவரை 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவைத் திருப்பி அனுப்பிவிட்டதாக அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ யின் பட்டர்வொர்த்தில் அறிவித்தார். 2025 ஜூலை முதல், அபாயக் கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தத்தில் சேராத நாடுகளிலிருந்து நெகிழிக் கழிவு வருவது தடுக்கப்பட்டுள்ளது. அப்படிச் சேராத நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. இவை தேவையான நடவடிக்கைகள். ஆனால் இறக்குமதிக் கழிவு சட்டவிரோத ஆலைகளின் பிரச்சினை; லோங்காங்கில் மிதக்கும் பை உள்ளூர்க் கடையில் வாங்கியது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க முடியாது.

இதுவரை சொன்னவற்றில் கடைக்காரர், வாங்குகிறவர், மாநகர் மன்றம், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் வந்துவிட்டார்கள். பொட்டலத்தை வடிவமைத்து விற்று இலாபம் பெறும் நிறுவனம் மட்டும் வரவில்லை. தான் சந்தையில் விடும் பொதியைத் திரும்பச் சேகரிக்கும் செலவையும் அந்நிறுவனமே ஏற்கச் செய்யும் முறைக்கு ‘விரிவான தயாரிப்பாளர் பொறுப்பு’ என்று பெயர். ஜெர்மனி 1991-லேயே இதைச் சட்டமாக்கியது. மலேசியா 2018-இல் வெளியிட்ட, 2030-க்குள் ஒருமுறை நெகிழியை ஒழிப்பதற்கான செயல்திட்டத்தைத் தொடர்ந்து, 2021-இல் வந்த நெகிழித் திட்டத்திலும் இது இடம்பெற்றிருக்கிறது. பன்னாட்டு அளவில் நெகிழி ஒப்பந்தத்துக்கான பேச்சு 2024 டிசம்பரில் தென்கொரியாவின் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனிவாவிலும் உடன்பாடின்றி முடிந்தது. உற்பத்திக்கே வரம்பு வைப்பதா, கழிவை மட்டும் கையாள்வதா என்பதே அங்கே தீராத பிணக்கு.

அந்தப் பெரிய தீர்வுகள் வரும்வரை ஊராட்சி மன்றங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அவற்றின் கையில் வலுவான கருவி ஒன்று ஏற்கெனவே உள்ளது: வணிக உரிமத்தின் நிபந்தனைகள். கூட்டரசுப் பிரதேசங்களில் 2019 ஜனவரி முதல் நெகிழி ஸ்ட்ராக்களுக்கு வந்த கட்டுப்பாடு உரிம நிபந்தனை வழியாகவே கொண்டுவரப்பட்டது. அதே வழியில், சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்து குடிப்பவருக்குக் கண்ணாடிக் குவளையே தர வேண்டும், தாபாவ் பைக்கும் பெட்டிக்கும் விலைப்பட்டியலில் தனிக் கட்டணம் காட்ட வேண்டும், பசார் மாலாம் இட அனுமதியோடு கழுவும் வசதியும் கொடுக்கப்பட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை வைக்க முடியும். தைப்பூசப் பந்தல்களுக்கான அனுமதியிலும் கிண்ணத் தண்ணீரை விலக்கும் ஒரு வரியைச் சேர்க்கலாம். ஆனால் அந்த வரியோடு பந்தல் வரிசைக்குக் குடிநீர்க் குழாய் இணைப்பையும் கழிவுநீர் வழியையும் மாநகர் மன்றம் ஏற்பாடு செய்து தர வேண்டும். அடுத்த தைப்பூசத்துக்கான அனுமதி விண்ணப்பங்கள் தொடங்கும் முன்பே பந்தல் குழுக்கள் இதை எழுத்து மூலம் கேட்பது நல்லது.